அம்பாசிடருக்கு மின்விசிறி: பொருத்துவதும் ஒயரிங்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அம்பாசிடரை இன்றும் ஓட்டுகிறவர்கள் கோடை தொடங்கியதும் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள்: ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்துவிட்டால் என்ஜின் சூடாவது நிற்குமா? சில கார்களில் நிற்கும், பல கார்களில் நிற்காது. எந்தக் காரில் நிற்கும் என்பதை விசிறி வாங்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். இங்குள்ள பதில்கள் 1489 சிசி பெட்ரோல் என்ஜின் கொண்ட அம்பாசிடரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பிரீமியர் பத்மினி உள்ளிட்ட, என்ஜினோடு சேர்ந்து சுழலும் விசிறி கொண்ட மற்றக் கார்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

என் கார் சூடாகிறது. மின்விசிறி வைத்தால் சரியாகுமா?

எப்போது சூடாகிறது என்பதை முதலில் கவனியுங்கள். சிக்னலில், நெரிசலில், ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது டேஷ்போர்டில் வெப்பநிலை காட்டும் முள் ஏறி, வண்டி வேகம் பிடித்ததும் இறங்கினால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. அதற்கு மின்விசிறி நல்ல மருந்து. நெடுஞ்சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே முள் ஏறுகிறது என்றால் விசிறியால் பயனில்லை. அந்த வேகத்தில் கிரில் வழியாக வரும் எதிர்காற்று எந்த விசிறி தரும் காற்றையும்விட அதிகம். அவ்வளவு காற்று பட்டும் ஆறவில்லை என்றால் தண்ணீர் சரியாக ஓடவில்லை, அல்லது என்ஜின் அளவுக்கு மீறிய வெப்பத்தை உண்டாக்குகிறது.

விசிறி வாங்கும் பணத்தில் முதலில் ரேடியேட்டரைக் கழற்றிப் பாருங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். போர் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரின் குழாய்களுக்குள் சுண்ணாம்புப் படிவு ஏறி அடைத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கத்தைப் பல இடங்களில் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். சில பகுதிகள் மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை என்று அர்த்தம். ரேடியேட்டர் பட்டறையில் மேல் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்வார்கள். கோர், அதாவது குழாய்கள் உள்ள நடுப்பகுதி, அரித்துப் போயிருந்தால் புது கோர் போடுவதுதான் வழி.

இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருப்பது (தீப்பொறி தாமதமாக வருவது), வாட்டர் பம்ப் இறக்கைகள் தேய்ந்திருப்பது, ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருப்பது ஆகியவையும் அடிக்கடி அகப்படும் காரணங்கள். மூடியைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை. 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு) அழுத்தம் பிடிக்கும் மூடி சரியாக வேலை செய்தால் கடல்மட்டத்தில் தண்ணீர் சுமார் 111 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அழுத்தம் பிடிக்காத மூடியோடு ஊட்டிக்கு ஏறினால், 2,240 மீட்டர் உயரத்தில் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் குளிர்ச்சியாக ஓடும் என்று மெக்கானிக் சொல்கிறார்.

கழற்றாதீர்கள். தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்த பிறகே அதை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. அது இல்லாத என்ஜின் சாதாரண ஓட்டத்தில் தேவையான சூட்டுக்கே வராது. பெட்ரோல் வீணாகும், சிலிண்டர் தேய்மானம் கூடும். மின்விசிறி வைத்த காரில் தெர்மோஸ்டாட் இன்னும் முக்கியம். விசிறி எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கணக்கே அது திறக்கும் வெப்பநிலையை வைத்துத்தான் போடப்படுகிறது. நம் ஊர் வெயிலுக்கு 82 டிகிரியில் திறப்பது போதும். வாங்கியதும் ஒரு பாத்திரம் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

பழைய விசிறியில் என்ன குறை?

வாட்டர் பம்ப் கப்பியோடு சேர்ந்து சுழல்வதால் என்ஜின் வேகம்தான் அதன் வேகம். வண்டி நின்று ஐடிலிங்கில் இருக்கும்போதுதான் காற்று அதிகம் வேண்டும். அப்போதுதான் அது மெதுவாகச் சுற்றும். வேகமாகப் போகும்போது தேவையே இல்லாமல் வேகமாகச் சுற்றி இரைச்சல் எழுப்பும், என்ஜின் சக்தியிலும் கொஞ்சம் தின்னும். மின்விசிறி இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறது.

ஆனாலும் பழைய விசிறியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஃபியூஸ் இல்லை, ரிலே இல்லை, பெல்ட் இருக்கும்வரை ஓடும். ரேடியேட்டரும் மற்றவையும் நல்ல நிலையில் இருந்து, நெரிசலில் அதிகம் ஓட்டாதவராக நீங்கள் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

எந்த விசிறி வாங்குவது?

சுமார் 12 அங்குல விட்டமுள்ள, 12 வோல்ட் விசிறி ஒன்று இந்த என்ஜினுக்குப் பொதுவாகப் போதும். புதிதாகவும் கிடைக்கிறது. சென்னையில் புதுப்பேட்டையைப் போன்ற பழைய உதிரிபாகக் கடைகளில் சிறு கார்களிலிருந்து கழற்றிய விசிறிகளும் கிடைக்கின்றன. பழையதை வாங்கினால் கையால் சுற்றிப் பாருங்கள். உரசாமல் சுற்ற வேண்டும். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. பிறகு கடையிலேயே பேட்டரியில் இணைத்து எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒயர், ஃபியூஸ் எல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். இந்த அளவு விசிறி பெரும்பாலும் 7 முதல் 10 ஆம்பியர் வரை எடுக்கும். அதைவிட மிக அதிகமாக இழுத்தால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது மோட்டாரில் கோளாறு இருக்கிறது என்று பொருள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கூண்டோடு, அதாவது விசிறியைச் சுற்றி ரேடியேட்டரை மூடும் உறையோடு, கிடைத்தால் அப்படியே வாங்குங்கள். வெறும் விசிறி தனக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும். கூண்டு இருந்தால் ரேடியேட்டரின் முழுப் பரப்பிலிருந்தும் இழுக்கும்.

ரேடியேட்டருக்கு முன்னாலா, பின்னாலா?

இடம் இருந்தால் பின்னால்தான், அதாவது ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில். அங்கிருந்து காற்றை இழுக்கும் விசிறி, ஓடாத நேரத்தில் எதிர்காற்றை அவ்வளவாக மறைக்காது. முன்னால் வைத்தால் மோட்டாரும் சட்டமும் கிரில் காற்றுக்குக் குறுக்கே நிற்கும். சேறும் தண்ணீரும் மோட்டாரில் படும்.

பின்னால் வைக்கும்போது மோட்டாரின் முதுகுக்கும் வாட்டர் பம்ப் கப்பிக்கும் இடையே குறைந்தது 2 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். நிற்கும் வண்டியில் அளந்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. பிரேக் அழுத்தும்போது என்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் முன்னோக்கி நகரும். மவுண்ட் நைந்த காரில் இந்த நகர்வு அதிகம். ஆகவே முதலில் மவுண்டுகளைப் பாருங்கள், பிறகு இடைவெளியை அளக்கலாம்.

பழைய விசிறியைக் கழற்றினால் ஃபேன் பெல்ட்டும் வேண்டாமா?

பெல்ட் கட்டாயம் வேண்டும். வாட்டர் பம்பையும் டைனமோவையும் அதுதான் ஓட்டுகிறது.

இங்கே ஒரு சின்ன இடம் பலரைச் சிக்கலில் விடுகிறது. விசிறியும் கப்பியும் ஒரே நான்கு போல்ட்டுகளால் பம்பின் முகப்பில் இறுக்கப்பட்டிருக்கும். விசிறியை எடுத்துவிட்டு அதே போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கினால், விசிறியின் தடிமன் குறைந்த அளவுக்குப் போல்ட் முனை பின்புறம் நீண்டு பம்பின் உடலில் உரசும். அந்தத் தடிமனுக்கு ஈடாக வாஷர் போடுங்கள், அல்லது நீளம் குறைந்த போல்ட் போடுங்கள். இறுக்கிய பின் கப்பியைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். கழற்றிய விசிறியையும் போல்ட்டுகளையும் ஒரு பையில் கட்டி வையுங்கள்.

விசிறியோடு வரும் பிளாஸ்டிக் ஊசிகளை ரேடியேட்டர் வழியாகச் செருகிக் கட்டிவிடலாமா?

விற்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன், பிறரையும் செய்யவிட மாட்டேன். ஓடும்போது விசிறி அதிர, ஊசி பக்கத்திலுள்ள தண்ணீர்க் குழாயை மெல்ல மெல்ல அறுக்கும். பித்தளை ரேடியேட்டரின் குழாய்ச் சுவர் மிக மெல்லியது. அதற்குப் பதிலாக இரண்டு இரும்புப் பட்டைகளை ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளில் பிடித்து, விசிறியை அந்தப் பட்டைகளில் ரப்பர் வாஷரோடு மாட்டுங்கள். எடை முழுவதும் சட்டத்தில் இறங்கும், புதிதாக ஓட்டையும் போட வேண்டியதில்லை.

காற்று சரியான திசையில் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் காட்டுங்கள். பின்னால் வைத்த விசிறி சரியாக இழுத்தால் தாள் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டு, கையை எடுத்தாலும் விழாமல் நிற்கும். தாள் வெளியே தள்ளப்பட்டால் மோட்டாரின் இரண்டு ஒயர்களும் மாறியிருக்கின்றன. அவற்றை மாற்றிக் கொடுங்கள். இறக்கையின் வளைவு ஒரு திசைக்கென்றே வடிக்கப்பட்டது. இழுக்கும் விசிறியை ஒயரை மட்டும் மாற்றித் தள்ளும் விசிறியாக்கினால் காற்று குறைவாகவே வரும்.

டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து நேரடியாக இணைத்தால் என்ன? எதற்கு ரிலே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அப்படி இணைத்த ஒரு வெள்ளை அம்பாசிடரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த சுவிட்சின் பிளாஸ்டிக் உருகிச் சாய்ந்திருந்தது. அதன் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு ஒயரின் மேலுறை கருத்து, விரலால் தொட்டால் உதிர்ந்தது. ஃபியூஸ் என்று ஒன்றுமே இல்லை. அந்த ஒயருக்குப் பக்கத்தில் தரை விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. விசிறி கடைசிவரை ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை.

10 ஆம்பியர் ஓயாமல் போக வேண்டிய பாதை அது. அதைப் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்குக் கொண்டுபோய்த் திரும்ப ரேடியேட்டருக்குக் கொண்டுவந்தால் ஒயர் நீளம் எளிதில் 6 மீட்டரைத் தொடும். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அந்தத் தூரத்துக்குச் சுமார் 1 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். சுவிட்சிலும் இணைப்புகளிலும் கரைவது தனி. விசிறி சோர்ந்து சுற்றும், கரைந்த மின்சாரம் வெப்பமாக மாறி ஒயரைச் சுடும்.

ரிலே என்பது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச். அதை வைத்தால் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போவது ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். பெரிய மின்னோட்டம் பேட்டரி, ஃபியூஸ், ரிலே, விசிறி என்று பானெட்டுக்கு அடியிலேயே குறுகிய பாதையில் முடிந்துவிடும்.

ரிலேயின் முனைகளை எப்படி இணைப்பது?

40 ஆம்பியர் கார் ரிலே ஒன்று வாங்குங்கள். அதன் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும். 30 என்ற முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த ஒயர். 87 என்ற முனையிலிருந்து விசிறிக்கு இன்னொரு தடித்த ஒயர். விசிறியின் மற்ற ஒயர் எர்த்துக்கு, அதாவது காரின் பாடி இரும்புக்கு. 86 என்ற முனைக்கு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து ஒரு மெல்லிய ஒயர். 85 என்ற முனையிலிருந்து வெப்பநிலை சுவிட்சுக்கு. சுவிட்சின் மறுமுனை எர்த்துக்கு. தண்ணீர் சூடானதும் சுவிட்ச் எர்த்தை இணைக்கும், ரிலே 'டக்' என்று விழும், விசிறி ஓடும்.

ஐந்து முனை உள்ள ரிலே கிடைத்தால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். அது ரிலே ஓய்வில் இருக்கும்போது மின்சாரம் தரும் முனை. அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

30 முனைக்கு ஏன் நேராகப் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டும்? அதையும் இக்னிஷன் ஒயரிலிருந்தே எடுத்தால், சாவியை அணைத்த பின்னும் சுழலும் விசிறி சிறிது நேரம் டைனமோ போல மின்சாரம் உண்டாக்கி, அதை ரிலே வழியாக இக்னிஷனுக்கே திருப்பி அனுப்பும். சாவியை எடுத்த பிறகும் என்ஜின் சில நொடிகள் ஓடிக்கொண்டிருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

ஒயர், ஃபியூஸ் எந்த அளவு?

10 ஆம்பியர் விசிறிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள். கடையில் '4 ஸ்கொயர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். வாகனங்களுக்கான, வெப்பம் தாங்கும் மேலுறை உள்ளதாகக் கேளுங்கள். எர்த் ஒயரும் அதே தடிமன் இருக்க வேண்டும். நேர் ஒயரைத் தடிமனாகப் போட்டுவிட்டு எர்த்தை ஏதோ ஒரு துருப்பிடித்த திருகில் மாட்டுவது மிகப் பரவலாக நடக்கிறது. பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும் இடத்தில் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

ஃபியூஸ் 20 ஆம்பியர். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு இழுக்கும் என்பதால் 10 ஆம்பியர் ஃபியூஸ் நிற்காது. ஃபியூஸ் ஒயரைக் காப்பதற்காக இருக்கிறது. ஆகவே பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அதை வையுங்கள். விசிறிக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது அது உதவாது.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். என்ஜின் வெப்பத்தில் டேப்பின் பசை இளகி வழிந்துவிடும். லக் வைத்து அதற்குரிய கருவியால் நசுக்கி, வெப்பத்தில் சுருங்கும் குழாயை மேலே போடுங்கள். ஒயர் தகட்டைக் கடக்கும் ஒவ்வோர் ஓட்டையிலும் ரப்பர் வளையம் இருக்கட்டும். புகைபோக்கி மேனிஃபோல்டு இருக்கும் பக்கம் ஒயரைக் கொண்டுபோகவே வேண்டாம்.

வெப்பநிலை சுவிட்சை எங்கே பொருத்துவது? எத்தனை டிகிரி?

எளிதான வழி, என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் வரும் மேல் ஹோஸை நடுவில் வெட்டி, சுவிட்ச் மாட்டும் திருகு உள்ள உலோகக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி இரண்டு பக்கமும் கிளிப் போடுவது. இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் அந்தத் துண்டுக்கு எர்த் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒற்றை முனை சுவிட்ச் என்றால் உலோகத் துண்டிலிருந்து பாடிக்குத் தனி ஒயர் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாக மாட்டியும் விசிறி ஓடவில்லை என்று வருகிற கார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

டிகிரியைப் பொறுத்தவரை, மேல் ஹோஸில் உள்ள சுவிட்ச் அணையும் வெப்பநிலை, தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலையைவிட அதிகமாக இருக்க வேண்டும். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டோடு, 92-ல் ஓடி 87-ல் நிற்கும் சுவிட்ச் நன்றாகச் சேரும். அதே சுவிட்சை 88 டிகிரி தெர்மோஸ்டாட்டோடு போட்டால் விசிறி ஓடத் தொடங்கிய பின் நிற்கவே நிற்காது. ஏனென்றால் தெர்மோஸ்டாட் அனுப்பும் தண்ணீரே 88 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். கீழ் ஹோஸில் பொருத்தினால் அங்கே வருவது ஆறிய தண்ணீர். அதற்கேற்ப டிகிரி குறைந்த சுவிட்ச் வேண்டும்.

என் காரில் இன்னும் டைனமோதான் இருக்கிறது. தாங்குமா?

கூட்டிப் பாருங்கள். பழைய லூகாஸ் டைனமோ நல்ல வேகத்தில் சுற்றினால் ஏறக்குறைய 22 ஆம்பியர் தரும். ஐடிலிங்கில் அநேகமாக ஒன்றும் தராது. இரவு மழையில் முகப்பு விளக்கு 7 அல்லது 8, இக்னிஷன் 3 அல்லது 4, வைப்பர் 3, பின்விளக்குகள் 2, விசிறி 10. மொத்தம் 25-ஐத் தாண்டுகிறது. நெரிசலில் நிற்கும்போது இவ்வளவும் பேட்டரியிலிருந்துதான் போகும். விசிறி அதிகம் ஓடுவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே முதலில், ஐடிலிங்கிலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள், பிறகு விசிறி. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் வெயிலில் கொதிக்காத கார் மழையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்.

ஆம்மீட்டர் உள்ள கார் என்றால் மட்டும், விசிறிக்கான ஒயரைப் பேட்டரியிலிருந்து நேராக எடுக்காமல் ஆம்மீட்டரின் ஆல்டர்னேட்டர் பக்கத்திலிருந்து எடுங்கள். பேட்டரி பக்கத்திலிருந்து எடுத்தால், விசிறிக்குப் போகும் மின்சாரமும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவது போலக் காட்டும்.

பேட்டரியின் நேர்முனை பாடியில் இணைந்திருக்கிறது. என்ன செய்வது?

ஆரம்ப கால அம்பாசிடர்களில் அப்படித்தான். காந்தம் உள்ள சாதாரண விசிறி மோட்டாருக்கு எந்த முனை எர்த் என்பது பொருட்டல்ல. காற்றின் திசை சரியாக வரும்படி இரண்டு ஒயர்களையும் கொடுத்தால் போதும். உள்ளே டயோடு இல்லாத ரிலேயும் அப்படியே. டயோடு உள்ள ரிலே, எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் இரண்டும் தலைகீழாக இணைத்தால் கருகிவிடும். ஆல்டர்னேட்டருக்கு மாறும்போது பெரும்பாலும் எதிர்முனை எர்த்துக்கும் மாற்றிவிடுவார்கள்; அப்போது ரேடியோ, இக்னிஷன் காயில் இணைப்புகளையும் மாற்றச் சொல்லுங்கள்.

ஏசி இருக்கிறது.

ஏசி கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் விசிறியும் ஓட வேண்டும், தண்ணீர் சூடாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். கம்ப்ரஸர் கிளட்சுக்குப் போகும் ஒயரிலிருந்து இரண்டாவது ரிலே ஒன்றை இயக்கி, அதன் 30, 87 முனைகளை முதல் ரிலேயின் அதே முனைகளோடு இணையுங்கள். எது மூடினாலும் விசிறி ஓடும். ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் 12 அங்குல விசிறி ஒன்று போதாமல் போகலாம்.

கையால் இயக்கும் சுவிட்சும் வைக்கலாமா?

வையுங்கள். 85 முனையிலிருந்து இன்னொரு மெல்லிய ஒயரை டேஷ்போர்டு சுவிட்சுக்குக் கொண்டுபோய் எர்த் கொடுத்தால், வெப்பநிலை சுவிட்ச் பழுதானாலும் விசிறியை ஓட்டலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறத் தொடங்கும் முன்பே அதைப் போட்டுவிடுவது என் வழக்கம். விசிறிக்குப் போகும் 87 ஒயரில் ஒரு சிறு விளக்கையும் இணைத்து டேஷ்போர்டில் வையுங்கள். ரிலே மின்சாரம் கொடுக்கிறதா என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு சுவிட்ச், 86 முனைக்கு வரும் ஒயரைத் துண்டிப்பதற்கு. மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது ஓடும் விசிறியின் இறக்கை தண்ணீரில் மாட்டி முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கக்கூடும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மேலும் தண்ணீரை வாரி இறைக்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு அணைத்துவிட்டு, தண்ணீரைக் கடந்ததும் மறக்காமல் போடுங்கள்.

விசிறி ஓடவில்லை. எங்கே தேடுவது?

சாவியைப் போட்டு, வெப்பநிலை சுவிட்சின் ஒயரைக் கழற்றி எர்த்தில் தொடுங்கள். விசிறி ஓடினால் சுவிட்ச் பழுது, அல்லது தண்ணீர் குறைந்து சுவிட்சைச் சுற்றிக் காற்றுதான் இருக்கிறது. ரிலே சத்தம் மட்டும் வந்து விசிறி ஓடவில்லை என்றால் ஃபியூஸையும் விசிறியின் எர்த்தையும் பாருங்கள். சத்தமே இல்லை என்றால் 86 முனைக்கு மின்சாரம் வருகிறதா என்று சோதனை விளக்கு வைத்துப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் விசிறிக்கும் ஆண்டுக்கு ஒரு முறை, கோடைக்கு முன்பு, ரிலேயை அதன் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். 30 அல்லது 87 முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அந்த இணைப்பு தளர்ந்து சூடாகிறது. ரிலேயை மட்டும் மாற்றாமல் சாக்கெட்டையும் லக்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.